ரயிலைப் பார்த்த பெயர்ப்பலகை

கடையின் முன்வாசல் படிகளை நூலம்மா நீளத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறார். அந்தப் படிகளில் ஏறி வர ஆளில்லை. எதிரே தண்டவாளம், சரக்கு வண்டிகள் மட்டும் நிற்காமல் போகின்றன. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் பின்பக்கம், புதுச் சாலையிலிருந்து வருகிறார்கள். "வராட்டா போறாங்க. அதுக்காக மூஞ்சி கழுவாமயா உட்காருவாங்க?" என்பார்.

இந்தக் கடைவீதியே ரயிலைப் பார்த்துக் கட்டியது. வண்டியிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் படவேண்டுமென்று ஒவ்வொரு கடையும் ஸ்டேஷன் பக்கம் முகம் வைத்திருந்தது. பயணிகள் வண்டி வருவதே நின்றுபோன பிறகு, பின்சுவரை இடித்துப் புதுச் சாலைப் பக்கம் வாசல் வைத்தார்கள். முன்வாசலைச் செங்கல்லால் அடைத்தார்கள். வீதியே முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. நூலம்மா மட்டும் இரண்டு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார். நூல், ஊசி, பித்தான், நாடா விற்கும் கடை. யார் துணி கொண்டுவந்தாலும் அதை முன்வாசலுக்கு எடுத்துப்போய்த்தான் நூலை ஒத்துப் பார்ப்பார். "பின்பக்க வெளிச்சம் பொய் சொல்லும்."

அந்த வாசலுக்கு மேலே பெயர்ப்பலகை. கடையை வாங்கிய புதிதில் கணவர் தன் பெயரைத் தானே எழுதியது. ஓடும் ரயிலிலிருந்தும் படிக்க வேண்டுமே என்று முதலெழுத்தைப் பெரிதாக இழுத்துவிட்டு, இடம் போதாமல் கடைசி எழுத்துகளை மூலையில் நெருக்கிவிட்டார். "ராஜா மாதிரி ஆரம்பிச்சாரு. பந்தியில இடம் கிடைக்காதவரு மாதிரி முடிச்சாரு." அந்த மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் நூலம்மா இதைச் சொல்வதை விடவில்லை.

இப்போது பழைய வீதியை மீட்க ஊரில் ஒரு குழு கிளம்பியிருக்கிறது. அடைத்த வாசல்களைத் திறக்கிறார்கள். நூலம்மாவின் பலகையைச் சுரண்டினால் அடியில் கடையைக் கட்டியவரின் பெயர் இருக்கிறதாம். அதை வெளியே கொண்டுவரச் சம்மதித்தால் ஒழுகும் கூரையையும் மாற்றித் தருவார்களாம். மழை வந்தால் நூல்பெட்டிகளுக்கு நடுவே சமையல் பாத்திரங்களைப் பரப்பி வைக்கிற கடை அது.

சேதி சொல்ல மகன் வந்தான்.

"கட்டினவரு பேருதாம்மா சரித்திரமாம்."

"அப்போ உங்கப்பா?"

"அவரு... நடுவுல வந்தவரு."

"அந்த நடுவுல வந்தவருக்குப் பொறந்தவன்தான்டா நீ."

மகன் சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. அவன் தலைக்கு மேல் ஈரம் ஊறிக் கறுத்த உத்தரத்தைக் காட்டினான்.

"இன்னொரு மழைக்கு இது தாங்காதும்மா. பெயிண்டுதானே போகுது? சாரம் கட்ட நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

நூலம்மா உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். வாளியில் புதுத் தண்ணீர் பிடித்தார். கந்தல் துணி ஒன்றை அதில் போட்டார். படி கழுவ ஒரு நாளும் தேவைப்படாத, மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்கும் ஏணியையும் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே போய், அதைப் பெயர்ப்பலகைக்கு அடியில் சாய்த்தார்.