பெட்டி பிரிக்காத சீர்

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பது என் வேலை. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்காலை வளைத்துப் போட்டவன் மேல் புகார் என்று வருஷம் முழுக்க ஊரார் ஏமாந்த கதைதான். இருபது வருஷம் இதையே அடித்தால் மனசு மரத்துப் போகும். ஏமாற்றியவன் மேல் இருக்கும் இளக்காரத்தில் பாதி, ஏமாந்தவன் மேலும் எனக்கு உண்டு. எனக்கு வாய் நீளம் என்று கடைக்கார அண்ணாச்சி என் முகத்துக்கு நேராகவே சொல்லுவார். நான் மறுத்ததில்லை.

போன ஆடியில் என் வீட்டுக்காரர் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். அவருடைய அக்கா மகளுக்கு ஆவணியில் நாங்குநேரியில் கல்யாணம். தாய்மாமன் சீர் என்று எதையாவது தூக்கிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும், இல்லையென்றால் நுழையவே வேண்டாம். பணம் என் சீட்டுப் பணம். ஒரு ஷாப்பிங் செயலியில் 'ஆடி அதிரடி' என்று விளம்பரம் வந்தது. மெஷின் வாங்கினால் தொண்ணூறு நாளில் எட்டாயிரம் ரூபாய் கேஷ்பேக் என்றார்கள். அந்த எட்டாயிரம் வந்ததும் அப்படியே என் கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. வேர் சிகிச்சை செய்து மேலே தொப்பி போட வேண்டும் என்று பாளையங்கோட்டையில் பல் டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாயிரம் ஆகும் என்றார். அது வரும்வரை ஒரு பக்கமாகவே மென்று தின்றேன்.

மெஷின் ஆடி நடுவில் வீட்டுக்கு வந்தது. பெட்டியை யாரும் தொடவில்லை. ஆடியில் புதுசு எதையும் பிரித்து ஓட்டமாட்டோம், அது ஒன்று. பெரிய காரணம் வேறு. பெட்டி பிரித்த சீரை மண்டபத்துக்குக் கொண்டுபோனால், வீட்டில் கிடந்த பழசை ஒட்டித் தந்துவிட்டான் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசுவார்கள். கம்பெனி ஒட்டின டேப்பு அப்படியே இருக்க வேண்டும், அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும், நாலு பேர் தூக்கிவந்து மேடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்தோம். பொண்ணு மறுவீடு போய் வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் வீட்டுக்காரர் பதினாறு ஐந்நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்தார்.

"கேஷ்பேக் வந்துட்டு. எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கே பல்லப் போய்ப் பாரு" என்றார்.

செயலியில் வருகிற காசு எப்படி நோட்டாக வந்தது என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். பிறர் மனுவில் தேதி ஒன்று இடித்தாலும் கண்டுபிடிக்கிற ஆள். பல்வலி புத்தியைத் தின்றுவிட்டது. பல்லைக் கட்டிக்கொண்டு வந்ததோடு, என் வீட்டுக்காரரின் சாமர்த்தியத்தைக் கடையில் ஒரு வாரம் பேசிக்கொண்டும் இருந்தேன்.

தை மாதம் கூடங்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். படகில் போகிறவர், வெயிலில் கறுத்த முகம். அதே செயலியில், அதே ஆடிக்கு, அவர் டிவி வாங்கியிருக்கிறார். கேஷ்பேக் வரவில்லை, கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கலெக்டருக்கு இதான் வேலையா? எங்க வீட்டுக்கு வந்துட்டே. நீங்க எங்கயோ தப்பா அமுக்கியிருப்பீய."

அவர் கோபப்படவில்லை. "வந்துச்சின்னா எப்படி வந்துச்சின்னு காட்டுங்கம்மா. அதே மாதிரி செஞ்சிருதேன்" என்றார்.

நியாயமான கேள்வி. வீட்டுக்காரர் பக்கத்தில் ஓர் உரக்கடையில் கணக்குப் பார்க்கிறார். மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரிடம் செல்லை வாங்கினேன். அவர் தர யோசித்தார். நான் பிடுங்கினேன். செயலியைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் இருந்தது: 'இந்தச் சலுகைக்கு உங்கள் ஆர்டர் தகுதி பெறவில்லை.' தலையைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் போய்விட்டிருந்தார். தூக்குவாளி மட்டும் மேஜைமேல் இருந்தது.

கூடங்குளத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே எழுத்துதான்" என்றார். ரொம்ப மரியாதையான மனுஷர். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி கேட்டதற்கு வீட்டுக்காரர், "காசு தந்தேன்லா, பொறவு என்ன?" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. எங்கே கடன் வாங்கினார் என்று நாலு விதமாகக் கேட்டேன். உரக்கடை முதலாளியிடம் கைநீட்டியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவரை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பிடித்தேன்.

கம்பெனி என்றால் ஆள் யாரும் கிடையாது. செயலியில் எழுதிக் கேட்கிற அரட்டைப்பெட்டி ஒன்றுதான் உண்டு. 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்று கேட்கும். உதவி என்னவென்று சொன்னால், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்னும். என் பொறுமையைப் பற்றி அதற்கு யார் சொன்னார்கள்? நாலு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு ஒரு பெண் போனில் பேசினாள். தேன் ஒழுகும் குரல். பொருள் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள், மெஷின் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைச் செயலியில் பதிய வேண்டுமாம். நாங்கள் பதியவில்லையாம். 'மிகவும் வருந்துகிறோம்' என்றாள். அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விளம்பரத்துக்குக் கீழே குட்டி நட்சத்திரம், அதை அமுக்கினால் ஒரு பக்கம், அதில் இன்னொன்றை அமுக்கினால் பதினோராவது வரி. ஊசிக்கண்ணில் ஒளித்து வைத்தால்கூட இதைவிடச் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

எனக்கு ஆத்திரம் வந்த இடம் அதுவல்ல. ஆடி என்று பெயர் போட்டு விற்கத் தெரிந்தவனுக்கு, ஆடியில் வாங்குகிறவன் கல்யாணச் சீருக்கு வாங்குகிறான் என்று தெரியாதா? எங்கள் சாமி படத்தைப் போடுவான், மாவிலைத் தோரணம் போடுவான், கோலம் போடுவான். பெட்டியை நாங்கள் பிரிக்கமாட்டோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாதாம். பதினைந்து நாள் கெடுவை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசியில் அவன் ஐந்நூறு ரூபாய்க்குக் கூப்பன் தருவதாகச் சொன்னான், அதுவும் மூவாயிரத்துக்கு மேல் வாங்கினால்தானாம். பிச்சை போடுகிறவன்கூட, என் கடையில் இட்லி வாங்கினால்தான் போடுவேன் என்று சொல்லமாட்டான்.

'போனால் போகுது, ஆனை வாயில் போன கரும்பு' என்று கடையில் நாலு பேர் சொன்னார்கள். அவர்கள்மேலும் எனக்கு இளக்காரம்தான் வந்தது. நுகர்வோர் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. வக்கீல் வேண்டாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் வேண்டாம், நாம் குடியிருக்கிற ஜில்லாவிலேயே போடலாம், இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லிவிட்டு நிபந்தனையை ஒளித்து வைத்தால் அது முறையற்ற வணிகம் என்று சட்டத்தைக் காட்டி வாதாடலாம். கூடங்குளத்துக்காரரைப் போன் போட்டு வரச்சொன்னேன். அவர் டிவிக்கும் பின்பக்கத்து எண்ணைப் பதியவில்லை என்ற அதே கதைதான். மகள் ஊரிலிருந்து வந்த பிறகு பிரிப்போம் என்று பெட்டியை அப்படியே வைத்திருந்திருக்கிறார். அவருக்குக் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். அன்று சிரித்ததற்கு அபராதம் என்று நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

அடுத்து எங்கள் மனு. ஆர்டர் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவர்தான் மனுதாரர். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து அவரை எதிரே உட்கார வைத்தேன். வாங்கிய தேதி, வந்த தேதி, விளம்பரத்தின் படம், அரட்டைப்பெட்டியின் பேச்சு எல்லாம் வரிசையாக அடித்தாயிற்று. கடைசியில் மன உளைச்சல் என்று ஒரு பத்தி போட வேண்டும். அதற்குத் தனியாக நஷ்டஈடு கேட்கலாம். நூறு மனுவில் அடித்த பத்தி, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்று என்னவோ அவரையே கேட்டேன்.

"உங்களுக்கு என்ன மன உளைச்சல்னு சொல்லுங்க. வெவரமாப் போட்டாத்தான் நிக்கும்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்த எட்டாயிரத்த எங்க அக்காட்ட வாங்கினேன்" என்றார்.

சீர் கொடுத்த வீடு. தாய்மாமன் என்று மேடையில் மாலை வாங்கிய ஆள், மூன்று மாதம் கழித்து அதே அக்கா வாசலில் போய்க் கைநீட்டியிருக்கிறார்.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா? எங்கிட்ட வரலன்னு சொல்லியிருந்தா என்ன?"

"ரெண்டு நாள் சொல்லணும்னுதான் வந்தேன். நீ ஒரு பக்கமாச் சவச்சிக்கிட்டு, யாரோ ஏமாந்தவனப் பத்திச் சிரிச்சிப் பேசிக்கிட்டிருந்த. இளிச்சவாப் பயன்னு சொன்ன. ஒங்கிட்ட சொல்லுததுக்கு, பஸ் ஏறி நாங்குநேரி போயி அக்காட்ட கேக்கது லேசா இருந்துச்சி."

அவரே பைய, மனுவுக்குச் சேதி சொல்லுகிற மாதிரி, இன்னொன்றும் சொன்னார்.

"கம்பெனிக்காரனாவது வருந்துகிறோம்னு சொன்னான்லா."

அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உள்ளதைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்த மனுஷன், ஒரு தோல்வியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரப் பயந்திருக்கிறார். மன உளைச்சலுக்கு யாரை எதிர்மனுதாரராகப் போடுவது என்று கீபோர்டில் கையை வைத்தபடி யோசித்தேன். கம்பெனி பெயரைத்தான் போட்டேன், சட்டத்தில் வேறு இடமில்லை.