ராத்தோரின் தாம்பாளம்

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் டன்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் கார் கதவுக்குத் தகரம் அடிக்கிற மெஷினில் நின்றவன் அரியரத்தினம். தகப்பன் யாழ்ப்பாணத்தில் உடையார், வெள்ளைக்காரன் காலத்து ஊர் அதிகாரி. ஊரில் அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் சால்வையை எடுக்காத ஆள் இல்லை. இங்கே போர்மன் மகனை 'ஹாரி' என்றுதான் கூப்பிடுவான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் பக்கத்து மெஷினுக்குப் பூபேந்திர சிங் வந்து சேர்ந்த பிறகுதான் வயிறு எரியத் தொடங்கியது.

பூபேந்திரன் ராஜபுத்திரன். ஜோத்பூரை ஆண்ட ராத்தோர் குலத்தில் ஒரு கிளை. மகாராசாவுக்குக் கீழே அவன் பாட்டன் ஏழு கிராமத்தை ஆண்டவர். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. பெரிய ராசாக்களின் மானியமே நாலு வருசத்துக்கு முன் நின்றுபோனது. இவனுக்கு மிச்சம் மீசைதான். அந்த மீசைக்கே போர்மன் 'பிரின்ஸ்' என்று சிகரெட் நீட்டினான்.

"ஏழு ஊர் ஆண்ட பரம்பரை எண்டால் ஏன் என்னோட நிண்டு தகரம் அடிக்கிறான்?" என்று அரியரத்தினம் வீட்டில் பொருமினான்.

"நீங்களும் உடையார் மகன்தானே, நீங்கள் ஏன் அடிக்கிறியள்?" என்றாள் மனைவி நாகேஸ்வரி. "அந்த மனுசன் என்னைக் கண்டால் எழும்பி நிண்டு கும்பிடுது. நீங்கள் கதிரையை விட்டு அசையிறேல்லை."

அன்று அவன் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். உடையார் மகன் தனக்குச் சரிசமம் என்று அந்த ராத்தோர் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தசரா கழிந்த ஞாயிறு பூபேந்திரன் விருந்துக்கு அழைத்தான். அரியரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு நாகேஸ்வரியோடு போனான். கூட வேலைசெய்யும் கேதீஸ்வரனும் வந்திருந்தான். நிலத்தில் விரிப்பு. நடுவே பெரிய பித்தளைத் தாம்பாளம் நிறைய ரொட்டியும் ஆட்டிறைச்சியும். பூபேந்திரன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். போட்ட கையாலேயே தாம்பாளத்தை அரியரத்தினத்தின் பக்கம் நகர்த்தினான்.

"வாங்க அண்ணா, என்னோட சாப்பிடுங்க."

அரியரத்தினத்துக்கு முகம் கறுத்தது. தன் எச்சிலைத் தின்னச் சொல்கிறானே! உடையார் வீட்டில் எச்சில் தட்டு நாய்க்குத்தான் போகும்.

"எனக்கு வேற தட்டுத் தாரும்."

பூபேந்திரனின் கை நடுவழியில் நின்றது. பிறகு உள்ளே திரும்பித் தட்டுக் கேட்டான்.

"அண்ணை, தள்ளி இருங்கோ. எனக்குப் பசி உயிர் போகுது" என்று கேதீஸ்வரன் தாம்பாளத்தில் கை வைத்தான். பூபேந்திரன் சிரித்து, முதல் கவளத்தைத் தன் கையாலேயே அவனுக்கு ஊட்டிவிட்டான்.

திரும்பும் வழியில் காருக்குள் நாகேஸ்வரி கொதித்தாள். குசினியில் சமைக்கும்போது பூபேந்திரன் மனைவி அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தாள்.

"அவையள் சரிசமமான ஆக்களோடதான் ஒரே தட்டில சாப்பிடுறவையாம். அந்தஸ்துக் குறைஞ்சவன் சொந்தக்காரன் எண்டாலும் வேற தட்டுத்தானாம். உங்களைத்தான் அவர் முதல் கூப்பிட்டவர். நீங்கள் குறைஞ்ச தட்டைக் கேட்டு வாங்கினனீங்கள்!"

அரியரத்தினம் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான். "அப்ப கேதீஸ்?" என்று கேட்டான்.

"அவன் ஒரே தட்டில சாப்பிட்டிட்டானே."

திங்கட்கிழமை மத்தியானம் தொழிற்சாலையில் அரியரத்தினம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, புட்டும் மீன்குழம்புமாக பூபேந்திரனும் கேதீஸ்வரனும் இருந்த மேசை நடுவில் தள்ளினான். "எடுங்கோ. ஒண்டாச் சாப்பிடுவம்."

பூபேந்திரன் எழுந்து நின்று கும்பிட்டான். "உங்களுக்குத் தனித் தட்டுத்தானே பிடிக்கும் அண்ணா" என்று மரியாதையாகப் பாத்திர மூடியை எடுத்து, கரண்டியால் தன் பங்கை அதில் போட்டுக்கொண்டான். பிறகு மூடியைக் கேதீஸ்வரன் பக்கம் நகர்த்தினான். அந்தச் சின்ன மூடிக்குள் இரண்டு பேரின் விரல்களும் இடித்துக்கொண்டன.

அரியரத்தினத்தின் முன்னால் பாத்திரம் நிறையப் புட்டுக் கிடந்தது.