பரிசு பெற்ற படத்தில் அம்மா

மேடையில் நான் பெற்ற முதல் கைதட்டலைப் பற்றி இன்றுவரை எந்த மேடையிலும் பேசியதில்லை. கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியை வாயடைக்கச் செய்பவள் என்று பெயரெடுத்த பிறகும், அந்த ஒன்றை மட்டும் என் வெற்றிகளோடு நான் சேர்ப்பதில்லை.

எழுபதுகளின் நடுவில், இடுக்கி மலையில் லயம் எனும் வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் பம்பாயிலிருந்து ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றிய குறும்படம் என்றார்கள். பெண்கள் தீபாவளிச் சேலையை உடுத்தி, தலையில் பூ வைத்து, அட்டை கடிக்கும் காட்டுக்குள் சிரித்தபடியே கொழுந்து பறித்தார்கள். மறு ஆண்டு, அந்தப் படம் வெளிநாட்டில் ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் சன்னல்களைச் சாக்கால் மூடி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, எல்லோருக்கும் படம் காட்ட ஏற்பாடு செய்தார். ஆறாம் வகுப்பிலேயே பேச்சுப் போட்டியில் வென்றிருந்த எனக்கு நன்றியுரை. நான்கு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன்.

படத்தில் தீபாவளிச் சேலை ஒன்றுகூட இல்லை. பூவும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேறு நாட்களில், எவரும் கவனிக்காதபோது எடுத்தவைதாம் இருந்தன. மழையில் நனைந்த முதுகுகள், கறை பிடித்த விரல்கள். பிறகு மத்தியான இடைவேளை. பெண்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருத்தி. கேமரா சரிவின் மேலிருந்து மெல்ல அவளை நெருங்கியது.

வேட்டி முழுவதும் என் அம்மாவின் முகம்.

மடியில் டப்பா. கை அதற்குள் போகிறது, பிசைகிறது, வாய்க்கு வருகிறது. வாய் மெல்லுகிறது. டப்பாவில் ஒரு பருக்கைகூட இல்லை. துடைத்த தகரம் பளபளக்கிறது.

நான்கு பக்கத்தில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. ஊர் உலகமெல்லாம் இதைப் பார்த்தா கை தட்டியது?

அப்பாவின் தங்கை, அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கும் என் அத்தை, முதலில் வாய் திறந்தாள்.

“மதினி, டப்பாவுல ஒண்ணுமே இல்லையே?”

அம்மா சத்தமாகச் சிரித்தாள். “அட, அது நடிப்பு புள்ள! அந்த டைரக்டரு அய்யாதான், சோறு வேண்டாம், சும்மா திங்கிற மாதிரி செய்யுங்கன்னாரு.”

“ஆத்தாடி, நம்ம லயத்துல ஒரு நடிகையா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கூவினாள். “இனிமே கங்காணி உங்கள அதட்டட்டும் பாப்போம்!”

மாடியே சிரித்தது. எனக்கு உயிர் திரும்பியது, சொற்களும் திரும்பின. விளக்குப் போட்டதும் மேடை ஏறினேன். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு முழங்கினேன்: “பரிசை இயக்குநருக்கு வழங்கியது பிழை! பசியே அறியாத ஒருத்தி பசியை இப்படி நடித்துக் காட்டினாளே, அவளுக்கல்லவா வழங்கியிருக்க வேண்டும்?”

துரையே எழுந்து நின்று கை தட்டினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன். அத்தை கை தட்டவில்லை. பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தை எங்கள் வாசலில் நின்றாள். கையில் இரண்டு டப்பாக்கள். “மதினி, இனிமே மத்தியானம் எங்கூட உக்காந்து சாப்புடுங்க.” அம்மா மறுக்கவில்லை.

நடிகையின் பக்கத்தில் உட்கார அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அம்மா எப்போதும்போல் அழுத்தி நிரப்பித் தந்த சோற்றுத் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து பள்ளிக்கு நடந்தேன்.