கடைசிவரை பார்க்கிற மெர்சி

வலது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, இடது காதை வெளியுலகத்துக்கு விட்டுவைத்து, லோக்கல் ரயில் கவரைப்பேட்டையை விட்டு நகர்ந்ததும் மெர்சி அன்றைய படத்தைத் தட்டுகிறாள். கும்மிடிப்பூண்டி அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அந்த ரயில் எப்படியும் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால் படம் பதினோரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதை நூறு பேருக்கு மேல் பார்த்திருக்கக் கூடாது.

பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவள் யாராவது, நல்ல படமாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால் மெர்சி சிரிப்பாள். "நாலு லட்சம் பேர் பாத்த படத்துக்கு நான் எதுக்கு? யாரும் பாக்காம ஒண்ணு கெடக்குது பாரு, அதுக்குத்தான் ஆள் வோணும்."

சிப்காட்டில், கார் இருக்கைக்கு அடியில் போகிற இரும்புப் பட்டைகள் செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருடமாக ஒரே வேலை. பிரஸ் மெஷினில் அடித்து வருகிற பட்டைகளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பிசிறு, கீறல், விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்றே தீர்ப்புகள். வெறும் விரலால் தடவியே பிசிறைக் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் வாங்கும் கத்தரிக்காய்க்கும் அதே பரிசோதனைதான் என்று, அங்கேயே பிரஸ் மெஷின் ஓட்டும் அவள் புருஷன் ஜெயராஜ் சொல்லிக்காட்டுவான்.

அந்தக் கண்ணோடுதான் குறும்படமும் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் கீழே கமெண்ட் எழுதுவாள். மாமியார் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் அடுத்த காட்சியில் எவர்சில்வராக மாறியதை எழுதுவாள். ஐந்தாவது நிமிடத்தில் செத்துக் கிடப்பவர் எச்சில் விழுங்குவதை எழுதுவாள். டீயில் ஆவி வரவில்லை, ஆறிப்போன டீயை ஏன் ஊதிக் குடிக்கிறார் என்று கேட்பாள். குறும்படங்கள் போடுகிற அந்த இணையதளத்தில் ஒரு வசதி இருக்கிறது. நிமிடத்தையும் வினாடியையும் எண்ணாகப் போட்டால் அது நீல நிறமாகிவிடும். யார் அதைத் தொட்டாலும் படம் நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். மெர்சியின் கமெண்டுகளில் பாதி நீலம்தான்.

படம் எடுத்தவர்களுக்கு முதலில் கோபம் வரும். பிறகு அடுத்த படத்தைப் போட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள். காரணம் எளிமையானது. சொந்தக்காரர்கள் அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கைதட்டும் பொம்மையை அனுப்புகிற ஊரில், முழுசாக ஓடவிட்டு, கடைசியில் வருகிற நன்றிப் பட்டியல்வரை படிக்கிற ஒரே ஜீவன் இவள். ஓகே என்றும் ரீவொர்க் என்றும் போட்டிருக்கிறாள், ரிஜெக்ட் மட்டும் எந்தப் படத்துக்கும் போட்டதில்லை. "மனுசன் கஷ்டப்பட்டு எடுத்துக்கீறான். ரிஜெக்ட்டெல்லாம் இரும்புக்கு."

அதே கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிற குணா, போன மாதம் ஒரு படம் எடுத்தான். பெட்டி கட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஊரிலிருந்து ஒரு போன் வருகிறது, அவ்வளவுதான் கதை. சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி அரை மணி நேரத்தில் செல்போனிலேயே எடுத்தது. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தளத்தில் போட்டான். சனிக்கிழமைக்குள் நல்ல கமெண்டுகள் சேர்ந்தால் தளத்தின் முகப்பில் புதுமுகங்கள் வரிசையில் படம் வந்துவிடும். திங்கட்கிழமையே மெர்சி அதை ரயிலில் பார்த்தாள். அவனுக்கு நடிப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை, வந்திருந்தது. நாலு இடத்தில் குறையும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். ஏழாவது நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் குணாவின் தோளுக்குப் பின்னால் பிரஸ் மெஷின்கள் தெரிந்தன. மூன்றாவது மெஷினில் ஜெயராஜ் நின்றிருந்தான். மெர்சி படத்தை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள்.

அந்தப் பழைய மெஷினில் இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலேயிருந்து பாரம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கை போதும், மறு கையால் அடுத்த தகட்டை உள்ளே வைக்கலாம், வேகம் கூடும். ஜெயராஜின் வலது கை பொத்தானில் இருந்தது. இடது பொத்தானில் கட்டை இருந்தது. இடது கை உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடம் முன்பு இதே வரிசையில்தான் குப்புராஜுக்கு இரண்டு விரல் போனது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஜெயராஜ். வீட்டுக்கு வந்து சட்டையிலிருந்த ரத்தம் காய்வதற்குள், இனி கட்டை வைப்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவனும் அவன்தான்.

கமெண்ட் எழுதினால் கம்பெனிக்காரர்கள் கண்ணில் படும். அவள் எழுத்தை அங்கேயும் நாலு பேர் படிக்கிறார்கள். ஜெயராஜ் கான்ட்ராக்ட் ஆள், மறுநாளே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். படம் எடுத்த குற்றத்துக்கு குணாவும் கூட நிற்பான். எழுதாமல் விட்டால், அந்தக் கை தினமும் உள்ளே போய் வரும். மூன்று நாள் அவள் எதுவும் எழுதவில்லை, வேறு படமும் பார்க்கவில்லை. குணா கேன்டீனில் வழிமறித்து, எல்லாரும் போட்டுவிட்டார்கள், அவள் மட்டும் பாக்கி என்று கெஞ்சினான். வேலை அதிகம் என்று சொல்லி நழுவினாள்.

ஜெயராஜோ தலைகால் புரியாமல் இருந்தான். படம் என்றால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறவன், இதை நாலு தரம் பார்த்துவிட்டான். பதினோரு வினாடி தன் முகம் தெரிகிறது என்று சர்ச்சில்கூடச் சொல்லி வைத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மெர்சி போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரித்தபடி பார்த்தவன், அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். எல்லாரும்தான் வைக்கிறார்கள் என்றான். இரண்டு கையால் அமுக்கினால் கம்பெனி கேட்கிற கணக்கு வராது என்றான். யாரிடமாவது சொன்னாயா என்றும் கேட்டான்.

மெர்சி குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு அந்தக் கட்டைய எடுத்தாந்து என் கையில குடு. குடுத்துட்டீன்னா நான் எதுவும் எழுதல, குணா படத்துக்கு ஓகே போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். "இந்தா. தீந்துதா உன் பேஜாரு?"

அவள் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டினாள். மாதக்கணக்கில் மெஷினில் கிடந்த கட்டை எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். பொத்தானின் விளிம்பு அதில் வளையமாகப் பதிந்திருக்கும். இது பெட்டி அடிக்கிற மரம், வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினாள், ரம்பத்தூள் ஒட்டியது. முகர்ந்தும் பார்த்தாள், எண்ணெய் வாடையே இல்லை. பழைய கட்டை இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. ஜெயராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை ஏமாற்றியது அவளுக்கு வலித்தது. பதினான்கு வருடம் இதே வேலை பார்க்கிற தன்னிடமே இதைக் கொண்டுவந்தானே என்பது அதைவிட வலித்தது.

கட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். குணாவின் படத்துக்குக் கீழே, ஏழு, பன்னிரண்டு என்று எண்களை மட்டும் போட்டாள். குணாவும் இதில் மாட்டுவான் என்று தெரியும், அதற்காக மனசு கேட்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

"இன்னா பண்ணே மெர்சி?" என்றான் அவன்.

"வேல போனா வேற கேட்ல போய் நிக்கலாம்யா."

அவன் இடது கையை இழுத்து மேஜைமேல் மல்லாத்தினாள். புதுக்கட்டையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக, ஐந்தையும், அதன்மேல் மடக்கிவிட்டாள்.