மாமாவின் ஸ்வெட்டருக்குள் இருந்த ஷூ

என் அக்கா கொளஞ்சியம்மாள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவள். கத்திரி வெயிலிலும் வெறுங்காலோடுதான் காட்டுக்குப் போவாள். அவள் புருஷன் மணிமாறன் மாமா, கல்யாணமான நாளிலிருந்து ‘சரி விடு’ என்ற இரண்டே வார்த்தையில் குடும்பம் நடத்தியவர்.

மகள் வெற்றிச்செல்வி பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கிடந்தபோது, டிவியில் பார்த்திருந்த வடநாட்டுப் பனிமலைச் சிவனுக்கு அக்கா வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்தாள். நம்மூர் மலை முருகனுக்கு வேண்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

போன ஐப்பசியில் யாத்திரைக் குழுவோடு மூவரும் போனோம். மாமா அவளுக்குத் திருச்சியில் கனத்த ஷூ ஒன்று வாங்கியிருந்தார். மலை அடிவாரத்தில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

“நம்ம மலைக்கே செருப்புக் காலோட ஏற மாட்டோம். இது சிவன் மலை.”

“அங்க வெயிலு, அக்கா. இங்க பனி. கால் போயிடும்.”

“வெறுங்காலோட வரேன்னு சொல்லிட்டேன் தம்பி. சாமிக்கிட்ட சொன்ன சொல்ல மாத்தவா?”

மாமா அன்றைக்கு ‘சரி விடு’ என்று சொல்லவில்லை. குனிந்து அவள் காலைப் பிடித்து ஷூவை மாட்டப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி காலைத் தொட்டால் பாவம் என்று பதறி இழுத்துக்கொண்டு, அக்கா விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள். மாமா ஷூவை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார். மனம் மாறிப் போடும்போது கதகதப்பாக இருக்கட்டுமாம்.

மதியத்துக்கு மேல் காற்று ஆளைத் தள்ளியது. பனி கண்ணைத் திறக்கவிடாமல் முகத்தில் அடித்தது. எதிரே இறங்கிய குதிரைக்காரர்கள் அக்காவின் காலைக் காட்டி இந்தியில் கத்தினார்கள். அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

“ஊசியா குத்துது,” என்றாள் ஒரு வளைவில்.

“இப்பவாச்சும் போட்டுக்க கொளஞ்சி,” என்று மாமா ஷூவை வெளியே எடுத்தார். அவள் தலையாட்டி மறுத்தாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றால், வழுக்குகிற அந்தப் பாதையில் என் காலே எனக்கு நிற்கவில்லை.

இன்னும் மேலே போனதும் அக்கா திரும்பிச் சிரித்தாள்.

“வலி நின்னுபோச்சு தம்பி. ஈஸ்வரன் தாங்கிக்கிட்டாரு பாரு.”

அவள் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. நான் தொட்டேன். தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மாமா ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

சாமியைக் கண்குளிரப் பார்த்தாள். ஊர் திரும்பிய பிறகு இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இனி வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தப் பங்குனியில் செட்டிகுளம் மலைக்குப் போனபோது அக்கா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்போடு ஏற மாட்டாள், செருப்பில்லாமல் ஏறவும் முடியாது. மாமாவின் செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிவெயிலில் படிக்கல் கொதித்தது. மாமா ஓரத்து நிழலுக்குப் போகாமல் நடுப்படியிலேயே ஏறினார்.

“சுடலையா மாமா? இப்படி வாங்க,” என்றேன்.

“சுடுது மாப்ள,” என்றார். “அன்னைக்கு அவளுக்கு இப்படி வலிச்சுக்கிட்டே இருந்திருந்தா, போட்டிருப்பா.”