தம்பியின் நெஞ்சில் மூடாத வழி

எங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், வீட்டிலுள்ள பூட்டுகளையெல்லாம் திறந்துவிடுவார்கள். பீரோ, டிரங்குப் பெட்டி, அரிசி டிரம் எல்லாம் திறந்து கிடந்தால்தான் பிள்ளை சுலபமாக வெளியே வருமாம். அம்மாவை அப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அத்தை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கன்றுக்குட்டியின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். அது பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலைச் செடியை மேய்ந்து, அத்தைக்கு நல்ல வசவு வாங்கித் தந்தது.

தம்பி நாள் நிறையுமுன்பே பிறந்துவிட்டான். மறுநாள் மாலை அப்பா போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். இதயத்துக்கு மேலே இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறதாம். பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டுமாம், மூடவில்லையாம்.

"மருந்து குடுத்துகினு கீறாங்கக்கா. மூடலன்னா கஷ்டம்ன்றாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எப்படி மூடும்? வீடே திறந்து கிடக்கிறதே! என் எட்டு வயது மூளைக்குக் காரணம் பளிச்சென்று புரிந்துவிட்டது. பெட்டி, டிரம், அஞ்சறைப் பெட்டி என்று படார் படாரென மூட ஆரம்பித்தேன்.

"இன்னாடி பண்ணிகினு கீற?" என்றார் அத்தை.

"நீதான எல்லாத்தையும் தொறந்து வச்ச? அதான் தம்பிக்கு மூடல."

முதுகில் ஒன்று விழும் என்றுதான் நினைத்தேன். அத்தை சாவிக்கொத்தை எடுத்துவந்து பீரோவைப் பூட்டினார். கன்றைப் பிடித்துக் கட்டினார். வாசல் கதவை நான் சாத்தப் போனபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத மூடாதடி. புள்ள வூட்டுக்கு வர வேணாமா?"

மருந்து கேட்டது. தம்பி வந்தான். இன்று கல்லூரிப் பேருந்தைத் துரத்திப் பிடிக்கிறான்.

நான் இப்போது கூடுவாஞ்சேரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அன்று எனக்கு ஜென்ம விரோதியாகத் தெரிந்த அந்த வழிதான் வயிற்றுக்குள் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தது. மூச்சே விடாத பிள்ளையின் நுரையீரலுக்குள் போக வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் உடம்புக்குத் திருப்பிவிடுவது அதுதான். பிள்ளை மூச்சுவிடத் தொடங்கியதும் தன் வேலை முடிந்ததென்று சுருங்கி, பிறகு வெறும் நாராகிவிடும். உங்கள் நெஞ்சிலும் என் நெஞ்சிலும் அந்த நார் இருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்துமுடிக்கும் பச்சைக்குழந்தையின் உடம்பைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அப்பாவின் போன் வந்த அன்று அத்தை சோற்றைத் தொடவில்லை. விளக்கு வைத்த பிறகும் திறந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று வாங்குகிறார் என்று நினைத்து, நானும் போய் அவர் மடியில் படுத்துக்கொண்டேன்.