ஈஸ்டர் ஆராதனையில் சிவந்த காதுகள்

என் மகள் சுனிதாவுக்கு ஏழு வயது நடந்தபோது அவளுடைய காதுகள் சிவக்கத் தொடங்கின. அது எழுபதுகளின் கடைசி. நான் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், வருகிற சரக்கைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தேன். வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் குறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அப்படியே பழகியவனுக்கு மனிதர்களையும் வேறு விதமாகப் பார்க்க வராது.

வெயிலில் நின்றால் வரும் சிவப்பு இல்லை அது. இரண்டு மடல்களும் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும். தொட்டால் சுடும். "டாடி, செவுலு மண்டுதுன்னாயி" என்று அழுவாள். காது எரிகிறதாம். வீட்டில் நாங்கள் திருநெல்வேலித் தமிழ் பேசினாலும் அவளுக்கு வலி மட்டும் தெலுங்கில்தான் வரும். அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரம் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நாற்காலியை உதைப்பாள். தாயின் கையைக் கடிப்பாள். பிறகு காது வெளுக்கும், பிள்ளை துவண்டு படுத்துவிடுவாள்.

தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு மூன்று வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பள்ளியிலிருந்து, பிள்ளைக்கு அடக்கம் போதாது, இப்படியே போனால் வைத்துக்கொள்ள இயலாது என்று சீட்டு வந்தது. என் மனைவி கிரேஸ் சமையலறைத் தரையில் முழங்காலிட்டு அழுதாள். ஆனால் எனக்கு அழுகையைவிட விசாரணை சுலபமாக வரும்.

காலண்டரில் சிவந்த நாட்களை வட்டமிட்டேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வேதக் கதை சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் போவார்கள். அங்கிருந்து வெளியே வரும்போது அவள் காது சிவந்திருக்கும். ஓய்வுநாள் பள்ளியை நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. டெலிபோன் இலாகாவில் வேலை, சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தனியாள். வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காத்திருப்பவர் என்று சபையில் சொல்வார்கள். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

"அக்கா உன் காதைத் திருகினாங்களா?" என்று மகளைக் கேட்டேன்.

"நை டாடி." இல்லையாம்.

மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நேரே போய் ஸ்டெல்லா அக்காவையே கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பதறினால் அவருக்கு ஹைதராபாத் உருது வந்துவிடும்; 'கைக்கு' என்றால் எதற்கு.

"கைக்கு அண்ணா? நான் எதுக்கு அவ காதத் தொடணும்? எங்கிட்ட வரப்பவே அப்படித்தானே இருக்கு!"

வரும்போதே அப்படித்தான் இருந்தது என்பது எல்லா ஸ்டோர்கீப்பர்களும் சொல்கிற பதில். நான் நம்பவில்லை. சபைக் கமிட்டிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். யாருக்கு முகவரியிட வேண்டும், யாருக்கு நகல் போக வேண்டும், விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரை விலக்கி வைக்க எப்படிக் கேட்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஸ்டெல்லா அக்கா விலக்கி வைக்கப்பட்டார். அன்று முழங்காலிட்டு ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் பிள்ளையைத் துன்பப்படுத்துகிறவர் யார் என்று வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்." பெயரை நானே முடிவு செய்துவிட்டேன். ஆண்டவரிடம் கேட்டது கையொப்பம் மட்டும்தான்.

அந்த வாரமே லெந்துகாலம் தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் எங்கள் வீட்டில் இனிப்பு கிடையாது. அந்த ஆண்டு நானும் கூடுதலாக ஒன்றை விட்டேன். பிரசங்கம் நீளும்போது சுனிதா நெளியாமல் இருக்க, சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் இரண்டு எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். எங்கள் சபையில் பல தகப்பன்மார் செய்கிற காரியம்தான். அதையும் நிறுத்தினேன்.

நாற்பது நாளில் ஒரு தடவைகூடக் காது சிவக்கவில்லை. பள்ளியிலிருந்து சீட்டு வரவில்லை. எனக்கு இனி என்ன அத்தாட்சி வேண்டும்? ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஜெபம் கேட்கப்பட்டது, மறைந்திருந்தது வெளிப்பட்டது என்று பெயர் சொல்லாமல் சொன்னேன். எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதையும் நின்றபடியே கவனித்தேன். பிறகு உட்கார்ந்தேன். உபவாசம் முடிந்ததல்லவா, பையில் கைவிட்டு மகளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தேன்.

பிரசங்கம் முடிவதற்குள் கிரேஸ் என் முழங்கையை இடித்தாள்.

"என்னங்க, பிள்ள காதப் பாருங்க."

சிவந்து கனன்றுகொண்டிருந்தது. மகள் பெஞ்சை உதைக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஸ்டெல்லா எங்கே?" என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

"அந்தா கடைசி பெஞ்சில இருக்காங்க. அவங்க கை என்ன, பத்து பெஞ்ச தாண்டியா நீளும்?"

முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சற்று முன்னே சாட்சி சொன்ன நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் விடவில்லை. "நாப்பது நாளா நாம என்னத்த நிறுத்துனோம்? யோசிச்சுச் சொல்லுங்க."

"டீச்சரை."

"அது நீங்க நிறுத்துனது. வீட்டுல என்னத்த நிறுத்துனோம்னு கேக்கேன்."

காலண்டரை இறக்கினோம். ஞாயிறல்லாத வட்டங்களை நான் விதிவிலக்கு என்று ஒதுக்கியிருந்தேன். கிரேஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு வட்டம், விருந்தாளிக்காகக் கலர்ப் பொடி போட்டுக் கேசரி கிண்டிய நாள். இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் சிவப்புச் சர்பத் குடித்த நாள். பள்ளியில் சிவந்தவை வாசலில் கலர் ஐஸ் வாங்கித் தின்ற நாட்கள், ஞாயிறுகளிலோ என் ஆரஞ்சு மிட்டாய். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றின்மேல் பழி போடக் கூடாது என்பது எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவனுக்குச் சொல்லும் முதல் பாடம். அதில் நான் தவறினேன்.

டாக்டரிடம் சொன்னேன். சில பிள்ளைகளுக்கு உணவில் சேர்க்கும் நிறம், எசன்ஸ் போன்றவை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, விட்டுப் பாருங்கள் என்றார். விட்டோம். காது அடங்கியது. குகட்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் யாரோ அன்பாகக் கலர் சோடா கொடுத்தார்கள், மறுபடி சிவந்தது. நிறமா, வாசனையா, வேறேதுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. காது சிவக்கும் பிள்ளைக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு டாக்டர் இருக்கிறார்.

புகாரைத் திரும்பப் பெறக் கடிதம் கொடுத்தால் போதும் என்றார் கமிட்டிச் செயலாளர். எனக்குப் போதவில்லை. பகிரங்கமாகச் சொன்ன சாட்சியைப் பகிரங்கமாகத்தான் திருத்த வேண்டும். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் எழுந்து நின்றேன். இந்த முறை பெயர் சொன்னேன், ஸ்டெல்லா அக்காவின் பெயரையும் என் பெயரையும். மிட்டாய் கொடுத்தது என் கை என்றேன். குரல் உடைந்தது. உட்கார்ந்து அழுதேன்.

வெளியே ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிப்பெல்லாம் சரி அண்ணா, பிள்ளய கிளாஸுக்கு அனுப்புங்க. மிட்டாய் மட்டும் நக்கோ, வேணாம்" என்றார். சுனிதா என் கையை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதை முதலில் என்மேல் பிரயோகிக்கக் கற்றுக்கொடுத்த தேவனுக்கு நன்றி சொல்கிறேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று நான் கேட்டதை, நூற்றுக்கணக்கான பேர் முன்னால் அவர் அப்படியே செய்தார். உங்கள் பிள்ளைக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவிக்கிறீர்களா? தைரியமாகக் கேளுங்கள், பதில் வரும். பதிலில் இருக்க வேண்டிய பெயரை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.